அப்பா வேண்டாம் என்றார்

பதினோராம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர். ஒரு பஞ்சாபி, ஒரு பெங்காலி, ஒரு உ.பி.க்காரி, அப்புறம் தலைநகரின் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணான நான். எண்பதுகளின் தொடக்கம் அது. எதைச் செய்தாலும் நால்வரும் சேர்ந்து செய்வது என்று எங்களுக்குள் ஒரு சட்டம். சட்டம் போடுகிறவள் பஞ்சாபி. அந்தக் குளிர்காலத்தில் அவள் போட்ட சட்டம், எல்லோரும் சரோஜினி நகர் பார்லருக்குப் போய் முடியை ஒட்ட பாய் கட் வெட்டிக்கொள்வது.

எனக்கு இடுப்பு வரை பின்னல். அதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் 'மதராசிப் பின்னல்' என்று அவர்கள் கேலி செய்த ஒன்றை எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. சுலபமான வழியைப் பிடித்தேன். அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்த அவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகியும் காய்கறிக்காரனிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்பா பின்பக்கப் புல்வெளியில் கட்டிலைப் போட்டு வெயில் காய்ந்தபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பஞ்சாபி நேரே அவரிடம் போய், அங்கிள், இவளை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள், முடி வெட்டிக்கொள்ள விடுங்கள் என்று இந்தியில் கெஞ்சினாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"நஹி நஹி. ஹமாரே கர் மே யே சப் நஹி சலேகா," என்றார் தன் ஓட்டை இந்தியில். நம் வீட்டில் இதெல்லாம் நடக்காதாம். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் போனதும் ஒரு சுளையை என்னிடம் நீட்டினார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். மூவரும் முடியை வெட்டிக்கொண்டு வந்த பிறகு நான் பள்ளியில் 'பேச்சாரி' ஆகிவிட்டேன். பாவப்பட்டவள் என்று அர்த்தம். பானிபூரி மாதிரியான கோல்கப்பா எல்லாம் வாங்கித் தந்தார்கள். அந்தப் பரிதாபம் ருசியாக இருந்ததால் நானும் அளந்துவிட்டேன். சினிமா கூடாதாம், ரேடியோ கூடாதாம், ஜன்னல் பக்கமே போகக் கூடாதாம். பஞ்சாபியின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே சார்ட்டர் பஸ்ஸில் ஆபீஸ் போகிறவர்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மாலை அப்பா வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு பஸ்ல நாலு பேரு எனக்குப் புத்தி சொல்லுதாவ. பொம்பளப் பிள்ளைய அடைச்சு வைக்காதீங்கன்னு," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வேண்டாம்னா வேண்டாம்னு நீயே சொல்லிருக்கலாம்லா?"

அம்மா ஏசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. தினமும் கூடப் பயணம் செய்கிறவர்கள் முன்னால் அவரைக் கொடுமைக்காரராக்கி உட்கார வைத்தது நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் இடைவேளையில் மூவரிடமும் சொன்னேன். அப்பா எதையும் தடுக்கவில்லை, முடி வெட்ட எனக்குத்தான் இஷ்டமில்லை, மற்றதெல்லாம் நான் விட்ட கதை, இதை உங்கள் வீட்டிலும் சொல்லிவிடுங்கள் என்றேன். பஞ்சாபி பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். உ.பி.க்காரியும் பின்னாலேயே போனாள். பெங்காலி மட்டும் தண்ணீர்க் குழாய் வரை என்னோடு வந்தாள். வெறும் பிடரியைத் தடவிக்கொண்டே, தனக்கும் இஷ்டமில்லை என்றாள். நீ முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன் என்றாள்.

பஞ்சாபி மூன்று வாரம் பேசவில்லை. பிறகு அவளே வந்து பேசினாள். சட்டங்கள் போடத்தான் செய்தாள்; எனக்குப் பிடித்ததற்கு மட்டும் நான் போனேன்.

அந்த ஞாயிறு அப்பா உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் நான் கூனிக் குறுகிப் போயிருப்பேன். கெட்ட பெயரைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினார். அது கனத்தபோது, கனக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. இரண்டுக்கும் நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை.

பன்னிரண்டாவது முடிந்த கோடையில், நான் பொருளாதாரம் படித்து வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் கல்லூரி விண்ணப்பத்தில் சரித்திரம் என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். அவர் ஏர் கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பொருளாதாரம் எனக்கு வேண்டாம்பா," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்தேன், பார்த்தும் சொன்னதை மாற்றவில்லை. சிநேகிதிகளும் சரித்திரம்தான் எடுக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றி முடித்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

"நீதான படிக்கப் போற," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.