கூறையில் தைத்த பை

மாமி அந்தப் பையை என் கையில் தந்தபோது அதன் மூலையில் இன்னும் மண் இருந்தது. அரக்குச் சிவப்புக் கூறைச் சேலையை வெட்டி மடித்து, கையாலேயே தைத்த பை. சரிகை கறுத்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்து விறைத்த கறை. போரின் கடைசி மாதங்களில் உரப்பை கிடைக்காமல் எங்கள் பெண்கள் பெட்டியில் கிடந்த பட்டுகளையெல்லாம் வெட்டி மண்மூட்டை தைத்துப் பதுங்குகுழியான பங்கரின் வாசலில் அடுக்கினார்கள். மாமி வெட்டியது தன் கலியாணக் கூறையை. அந்த மூட்டையில் சாய்ந்திருந்தபோதுதான் ஷெல் பட்டு மாமா செத்தார். அவரைப் பங்கருக்குள்ளேயே மூடிவிட்டு, மூட்டையின் மண்ணைக் கொட்டி, அதில் மாற்று உடுப்பு இரண்டைத் திணித்துக்கொண்டு மாமி நடந்து வந்தார். மாமாவுக்குக் கல்லறை இல்லை, ஒரு படம்கூட இல்லை. இருந்தது அந்தக் கறைதான்.

மாமி என் மனைவியின் சின்னம்மா. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தின் ஏவன்டேல் பகுதியில் ஒற்றை அறை வீடொன்றில் தனியே இருக்கிறார். அந்தப் பகுதி நூலகம் ஊர்மக்களின் கலைகளையும் யுத்த நினைவுகளையும் கண்காட்சியாக வைக்கப்போகிறது என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். மாமா எப்படிச் செத்தவர் என்று நாலு பேர் அறியட்டும் என்று சொல்லித்தான் பையை எடுத்துத் தந்தார். “தண்ணி மட்டும் படவிடாதேங்கோ தம்பி” என்றார்.

கண்காட்சியில் தமிழரின் மேசைக்குப் பொறுப்பு எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். அந்த மனிதரைப் பற்றி எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டும். அவருக்குத் தெரிந்த கலைகள் இரண்டு: குத்துவிளக்கு ஏற்றுவது, ஏற்றும்போது கமராவைப் பார்ப்பது. சண்டை தொடங்கி மூன்றாம் மாதமே பிளேன் ஏறியவர். அவருடைய யுத்த நினைவு, கொழும்பில் ஒரு சோதனைச்சாவடியில் மறித்து வைத்திருந்தது. நான் முதல்முறை கேட்டபோது அது அரை மணித்தியாலம். பிறகு ஒரு முழு இரவாகி, இப்போது இரண்டு நாளாகிவிட்டது. குரல் தழுதழுக்க அவர் அதைச் சொல்லும்போது சனம் கண்ணைத் துடைக்கும். வெட்கங்கெட்ட சனம். நானும் அதற்குள் ஒருவன், செயலாளர் வேறு.

பையைக் கண்டதும் தலைவர் முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன கோதாரி? எம்.பி. வாற இடத்தில இந்த ஊத்தையை வைக்கேலுமே? கூறை எண்டால் மங்கலமான சாமான். பிரிச்சு, டிரை கிளீனிங் குடுத்து, பிரேம் போடுவம்.”

தண்ணீர் படக் கூடாதென்று மாமி சொன்னதை மெல்ல முனகிப் பார்த்தேன். டிரை கிளீனிங்கில் தண்ணீர் ஏது என்றார். அந்தப் பதிலின் கெட்டித்தனத்தில் அவரே சிரித்தார், சிரிக்காவிட்டால் மரியாதையில்லை என்று நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் எங்கள் சமையலறை மேசையில் வைத்து மாமியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூலையில் இருந்த மண்ணைக் குப்பைக் கூடைக்குள் தட்டினேன். பாபடோயிட்டோ பகுதியில் இருந்த டிரை கிளீனிங் கடைப்பெண் என்ன கறை என்று கேட்டாள். தேநீர் என்றேன்.

கண்காட்சியில் அடுத்த மேசை ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. அவருடைய தாத்தா முதலாம் உலகப்போரில் போட்டிருந்த சப்பாத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அடியில் அந்தக் காலத்துச் சேறு காய்ந்தபடியே இருந்தது. அவர்கள் சேற்றைப் பூட்டி வைத்துக் காவல் காக்கிறார்கள். எங்கள் மேசையில் பட்டு பளபளத்தது, கீழே ‘தமிழரின் பாரம்பரியப் பட்டுக் கலை’ என்று ஒரு அட்டை. மாமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எம்.பி. அதைத் தடவிப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார். தலைவர் கூச்சமே இல்லாமல் நன்றி சொன்னார்.

மாமி வந்தார். எம்.பி. போகும்வரை மரியாதையாகக் காத்து நின்றார். பிறகு பிரேமுக்கு முன்னால் போய், கறை இருந்த இடத்தை விரலால் தேடினார்.

“இதை ஆர் தோய்ச்சது?”

“நான்தான் அக்கா” என்றார் தலைவர். செய்யாத வேலைக்குப் பெயர் வாங்குவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. “புதுசு மாதிரி வந்திருக்கு, என்ன?”

“ஓம்” என்றார் மாமி. “அவரிலை மிச்சம் இருந்ததையும் கழுவி ஊத்திப்போட்டியள்.”

தலைவருக்கு விளங்கவில்லை. அதற்குள் யாரோ படமெடுக்கக் கூப்பிட, போய்விட்டார். மாமி என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

“நீங்கள் சொல்லியிருப்பியள் தம்பி. இவையள் கேட்டிருக்க மாட்டினம்.”

“ஓம் மாமி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியைச் சந்தைக்குக் கூட்டிப்போவது இப்போதும் நான்தான். போகிற வழியெல்லாம் தலைவரைத் திட்டிக்கொண்டு வருவார். நான் ரோட்டைப் பார்த்தபடி ஓம் ஓம் என்கிறேன்.