வருகிற செவ்வாய்க்கிழமை

போன மாதம் விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி என் வலைத்தளத்தைக் கைபேசியில் தட்டினேன். அங்கே சிக்னல் ஒரு கோடுதான். ஆனாலும் வேம்பார் பஸ் கிளம்புவதற்குள் பக்கம் முழுசாகத் திறந்துவிட்டது. உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எனக்கோ, பல வருஷத்துப் பல்வலி நின்றது போல இருந்தது.

பக்கத்து டீக்கடையிலிருந்து கருப்பட்டிக் காப்பி வாசம் வேறு. அந்த வாசம் வந்தால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் முதலில் வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் காப்பியும் மறு கையில் மவுஸுமாக அங்கே உட்கார்ந்துதான் வலைப்பூவைத் தொடங்கினேன். உடன்குடிச் சுற்றுவட்டாரச் செய்திகள்: எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த அம்மன் கோயிலில் எப்போது கொடை விழா. படித்தவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருந்த நம் ஊர்க்காரர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முத்து நகரமாயிற்றே என்று திரை முழுக்க முத்துகள் பொலபொலவென்று உதிரும்படி செய்தேன். பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் தானாக முழங்கும். வேலை நேரத்தில் ரகசியமாகத் திறந்த ஒரு வாசகர், ஆபீஸே திரும்பிப் பார்த்தது என்று எழுதினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை பாரத்தில் பக்கம் நகர மறுத்தது. வேகம் கூட்ட ஒரு பிளகின் போட்டேன். அது ஒரு முறை காட்டிய பக்கத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே காட்டும். நடுவில் நான் திருத்தியதைச் சில நேரம் கண்டுகொள்ளாது.

நம் பக்கத்தில் கொடைக்கு யாரும் தேதி சொல்வதில்லை. “வார செவ்வா கொடை” என்பார்கள், அவ்வளவுதான். நானும் ‘கொடை வருகிற செவ்வாய்க்கிழமை’ என்றே எழுதுவேன். ஒரு வருஷம் ஊர்க்கூட்டத்தில் கொடையை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். நான் மாற்றி எழுதினேன். பிளகினோ மாற்றுவதற்கு முந்தைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கும் லிங்கதுரை அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். கடையைச் சாத்தி, மும்பையிலிருந்து மகளையும் கைக்குழந்தைப் பேரனையும் வரவழைத்து, குடும்பத்தோடு வந்து இறங்கினார். கொடையன்று பேரனுக்கு முதல் மொட்டை போடுவதாக ஏற்பாடு. கோயில் வாசலிலிருந்தே எனக்குப் போன்.

“ஏலே, பந்தலும் இல்ல, கொட்டும் இல்ல. நட சாத்திக் கெடக்கு. ஒன் கம்ப்யூட்டர்ல மட்டுந்தாம்ல கொடை நடக்கு!”

மகளுக்கு அதற்கு மேல் லீவு இல்லை. ‘இவனை நம்பி இனி லீவு போட மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாளாம். கொடையன்று அண்ணாச்சி தனியாக வந்து கும்பிட்டார். நான் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம்.

அதன்பின் ஒவ்வொரு ஆவணி பிறந்ததும் அவரிடமிருந்து போன் வரும். “அதுல போட்டது கெடக்கட்டும். நீ வாயால சொல்லு, என்னைக்கு?” சொல்வேன். பிறகு அரை மணி நேரம் கடைக் கதை, பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்த கதை. மகள் மட்டும் கொடைக்கு வரவே இல்லை.

இந்த வருஷம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். பிளகின், டேட்டாபேஸ், நாதஸ்வரம் எல்லாம் போயிற்று. முத்துகளை அழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. இப்போது வெறும் எழுத்துதான். நான் எழுதி ஏற்றியது எதுவோ அது தெரியும். கொடைக்குத் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, வருஷம் எல்லாம் உண்டு.

ஆவணி பிறந்தது. அண்ணாச்சியின் போன் வரவில்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துகொண்டேதான் போன செவ்வாய் கொடைக்குப் போனேன். மேளச் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்தார். பக்கத்தில் மகளும், தோளுயரம் வளர்ந்துவிட்ட பேரனும்.

“என்ன அண்ணாச்சி, இந்தத் தடவ போனே வரல?”

“எதுக்குலே? அதான் தேதியெல்லாம் பளிச்சுன்னு போட்டிருக்கியே. அதப் பாத்துத்தான் எம் மக டிக்கெட்டே எடுத்தா.”

அப்பாடா என்றிருந்தது. பொங்கல் சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது: ‘நீ வாயால சொல்லு’ என்று ஆவணிக்கு ஆவணி வந்த அந்தப் போன் இனி வராது.