மக்காச்சோள அறையில் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்திருந்தால் ஒரு அழுகையோடு முடிந்திருக்கும். அது அப்படிச் செய்யவில்லை. நன்றாகத்தான் ஓடும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் வரைக்கும் வந்திருப்பேன், படக்கென்று திரை கறுக்கும். பெட்டி தானாக அணைந்து, தானாகவே உயிர் பெற்று, ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்கு வணக்கம் சொல்லும். அந்த வணக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தியாகதுருகத்தை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒரு அச்சகத்துக்குக் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று பத்திரிகைகளை வீட்டிலிருந்தே டைப் செய்து, படம் வைத்து, அழகு பண்ணி அனுப்புகிறேன். களை எடுக்கப் போகிறேன், மாட்டைப் பார்க்கிறேன், சோறாக்குகிறேன். அதெல்லாம் வீட்டுக் காரியம். பத்திரிகை மட்டும்தான் என் காரியம். இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதற்கு என் கணவர், "உன்ன இன்னா கட்டியா போட்டுக்கினு இருக்கோம்?" என்றார். கட்டிப் போடவில்லைதான். இடம்தான் கொடுக்கவில்லை.

கம்ப்யூட்டருக்குக் கிடைத்தது பின்பக்க அறை. அதை எல்லோரும் மக்காச்சோள அறை என்றுதான் சொல்வார்கள். அறுப்பு முடிந்ததும் விலை ஏறட்டும் என்று மூட்டைகளை அங்கே அடுக்கிவிடுவார்கள். மூன்று பக்கச் சுவரும் மூட்டை. மிச்சமிருந்த ஜன்னல் மூலையில் என் மேசை. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் முதுகில் கோணி உரசும்.

அந்த மாசியில் முகூர்த்தம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கம்ப்யூட்டருக்கும் அப்போதுதான் பேய் பிடித்தது. சாமி படம், பூ பார்டர், பொண்ணு மாப்பிள்ளை போட்டோ எல்லாம் சேர்ந்த பெரிய வேலையாகப் பார்த்துத்தான் அணையும். சும்மா விட்டால் சமர்த்தாக இருக்கும். முதலில் கரண்டைத்தான் சந்தேகப்பட்டேன். கிணற்று மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன், அணைந்தது. வேறு பிளக்கில் மாட்டினேன், அணைந்தது. யாரோ சொன்னார்களே என்று உள்ளே இருக்கும் ரேம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அப்போதும் அணைந்தது.

சரி, தெரிந்தவர்களிடமே காட்டுவோம் என்று, என் மாமியார் தைத்துப் போட்டிருந்த உறையைக் கழற்றி மேசையில் மடித்து வைத்துவிட்டு, பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக் கயிறு கட்டி, கள்ளக்குறிச்சி சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே அது நாள் முழுக்கப் பாட்டு பாடிக்கொண்டு ஓடியது. ஒரு தடவை அணையவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அணைந்தது. திரும்பக் கொண்டுபோனேன், பாடியது.

"நல்லாத்தான் ஓடுதுக்கா. நீங்க இன்னா பண்றீங்கோ அதுல?" என்று கேட்டார் கடைக்காரர்.

என்ன பண்ணுகிறேனா? வேலை செய்கிறேன் ஐயா. அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை, அதற்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. அடுத்த முறை போனபோது அவர் யோசிக்காமலே மதர்போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க என்றுவிட்டார்.

அச்சகத்துக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் முகூர்த்த நாள் அவருக்காகக் காத்திருக்காது. "இன்னாம்மா, பொண்ணு வூட்டுக்காரங்க வந்து வாசல்ல நிக்கிறாங்கோ. இன்னொரு தபா இப்படி லேட்டாச்சின்னா நான் வேற ஆள பாத்துக்குவேன். கோச்சிக்காத" என்றார். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? போனை வைத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். இந்த வேலை போனால் நான் இந்த வீட்டில் வெறும் இரண்டு கை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"வித்துத் தொல. உன் பேச்ச அந்தப் பொட்டி கூட கேக்கல" என்று சிரித்தார் என் கணவர். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புதான் என் அழுகையை நிறுத்தியது. விற்க மாட்டேன் என்றேன். புதுசும் வாங்க மாட்டேன், இதையேதான் ஓட்டுவேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது, வீம்புக்குத்தான் சொன்னேன்.

மறுபடியும் கடைக்குப் போனேன். இந்த முறை பெட்டியை விட்டுவிட்டு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும். அவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். பெட்டியைத் திறந்தபடியே மேசையில் போட்டு, சுவிட்சைத் தட்டினார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. பெட்டி பாடியது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார், திறந்துபோட்டு, காற்றாட. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாதி பெட்டிக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு.

வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் தகட்டைக் கழற்றிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை அணையவில்லை. தகட்டை மூடினேன். அப்போதும் ஓடியது. உறையைப் போட்டேன். ஒரு பத்திரிகை முடிவதற்குள் திரை கறுத்தது. பின்பக்கம் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய குண்டான் மாதிரி கொதித்தது.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் விலை கொடுத்து வாங்கிய எந்தச் சாமானும் துணியில்லாமல் நிற்காது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, பிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை. களத்தில் சோளம் அடிக்கும்போது தூசி பறக்குமே என்று, என் மாமியார் கனமான போர்வைத் துணியில் கம்ப்யூட்டருக்கும் சட்டை தைத்திருந்தார். சுவிட்சுக்கு ஒரு ஓட்டை, வயருக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் பட்டன் வேறு. காற்று போக மட்டும் வழியில்லை. டிவிக்கு உறை போட்டால் பார்க்கும்போது கழற்றுவோம். இதற்கு ஓட்டை இருந்ததால் யாரும் கழற்றவில்லை, நானும்தான்.

"அத்தை, இதுதான் அத்தை அத மூச்சு முட்ட வெக்கிது" என்று காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப்போட்டவர் அவர் ஒருவர்தான், அவரிடம்போய் இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று கஷ்டமாக இருந்தது.

"அவுத்துட்டா மட்டும் பொழச்சிக்குமா? உள்ள பாரு" என்றார் அவர்.

பார்த்தேன். உறையையும் மீறி உள்ளே புகுந்த சோளத்தூசி, சின்ன ஃபேனின் இறக்கையில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. பெயிண்ட் பிரஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதினேன். ஊதி முடிப்பதற்குள் மூட்டையிலிருந்து புதுசாகத் தூசி இறங்கியது. அவர் சொன்னதும் சரிதான். உறை போட்டால் வெந்து அணையும், போடாவிட்டால் தூசி அடைத்து அணையும். இந்த அறையில் சோளம் இருக்கலாம், இல்லை கம்ப்யூட்டர் இருக்கலாம்.

இத்தனை நாள் பணிந்து போனது போதும் என்று தோன்றியது. முந்தானையைச் சொருகிக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் இருந்த முதல் மூட்டையை நானே கூடத்துக்கு இழுத்தேன். சத்தம் கேட்டு என் கணவர் ஓடிவந்தார்.

"இன்னா பண்ற நீ?"

"மூட்டைய வெளிய எடுக்கிறேங்க."

"சோளத்துக்கு இருக்கிற ரூமு இது. அந்தப் பொட்டிக்கு ஒரு ரூமா?"

"பொட்டிக்கு இல்லீங்க. எனக்கு."

இரண்டாவது மூட்டையைப் பிடித்தேன். மாமியார் வந்து மூட்டையின் மறுபக்கக் காதைப் பிடித்தார். அம்மா குனிவதைப் பார்த்ததும் என் கணவரால் சும்மா நிற்க முடியவில்லை. முனகிக்கொண்டே அம்மாவை நகர்த்திவிட்டு மூட்டையைத் தூக்கினார். தோளில் ஏற்றியபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது போல. வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இத்தினி மூட்டையும் எங்க கொண்டும்போய் வெக்கிறது?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, என் சாமானை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். யாரும் எனக்காக யோசித்ததில்லை.

"தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன்.