ஜெயக்கொடி வீட்டு லிஃப்ட்

பசுமலைக்கு மேற்கே, தோட்டமெல்லாம் பிளாட்டாகிப்போன ஒரு தெருவில் குடியிருக்கிறாள் ஜெயக்கொடி. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவள். பன்னிரண்டு வருசமாக வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, ரிப்பேரையும் தானே பார்த்தாள். ஒருநாள் ஜாக்கி நழுவியது. கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தில் முட்டி, கார் அவள் மூக்குக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. ஊர்ந்து வெளியே வந்தவள் குலசாமியைக்கூடக் கும்பிடவில்லை. நேரே காளவாசலுக்குப் போய், மூடப்போகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய ரெண்டு தூண் கார் லிஃப்டைப் பேசி முடித்தாள்.

ஷெட் தரையைத் தோண்டி, கம்பி கட்டி, கனமாகக் கான்கிரீட் போட்டுத் தூண்களை நட்டபோது, "எந்தச் சாமிக்குக் கொடிமரம்?" என்று தெரு கேட்டது. "வீட்டுக்குள்ளயே தூக்குமரம் நட்ட பொம்பள எம் பொண்டாட்டிதான்" என்று அவள் புருசன் முத்திருளன் டீக்கடையில் சொல்லித் திரிந்தான். பெருமையா புலம்பலா என்று அவனுக்கே தெரியவில்லை.

பழைய சாமானை ஜெயக்கொடி நம்பவில்லை. கேபிள்களைப் புதிதாக மாற்றினாள். தூக்கிய வண்டி இறங்காமல் தாங்கும் லாக்கு, இடது தூணில் துருவேறி, சோம்பேறி மருமகன் மாதிரி எப்போதும் தாமதமாகவே விழுந்தது; கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். ஞாயிறு தவறாமல் கிரீஸ் வைப்பாள், தரை போல்ட்டுகளை முறுக்குவாள், ஆயில் அளவு பார்ப்பாள். முத்திருளனின் சர்க்கரை அளவை அவள் அம்புட்டுக் கவனமாகப் பார்த்ததில்லை.

அவள் அண்ணன் வெள்ளைத்துரை நிலத்தரகர். பாழுங்கிணற்றையும் நீச்சல்குளம் என்று விற்றுவிடுவார். அவருக்கே ஒருத்தன் பழைய கார் ஒன்றை விற்றிருந்தான். 'சிங்கிள் ஓனர், அடிபடாத வண்டி.' மூன்றாவது வாரமே அடியில் கடமுடவென்று சத்தம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கை வீட்டில் வந்து நின்றார்.

"அண்ணே, பராமரிப்புன்னு பத்து மணிக்குக் கரண்ட எடுத்துருவாங்க. சாயங்காலந்தான் வரும். நாளைக்கு வாங்களேன்."

"இன்னும் இருபது நிமிசம் கெடக்குல்லத்தா. தூக்கு. நான் உள்ள போயி காப்பி குடிக்கிறேன்."

காப்பிக்குப் போகிற வழியில் போன் வந்துவிட்டது. ரகசியமாகப் பேச வேண்டிய பேரம். திரும்பி வந்து கறுப்புக் கண்ணாடி போட்ட காரின் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். கருவிப்பெட்டியை எடுக்கப் போயிருந்த ஜெயக்கொடி இதைப் பார்க்கவில்லை. லிஃப்டின் கைகளைக் காருக்கு அடியில் பொருத்தினாள், தலைக்கு மேலே தூக்கினாள், லாக்கில் உட்கார வைத்தாள்.

"ஏ கொடி! என்னத்தா வீடு கீழ போயிருச்சு?" காருக்குள்ளிருந்து அண்ணன் குரல்.

உள்ளே எட்டிப் பார்க்காமல் தூக்கியது அவள் தப்பு. இறக்கலாம் என்று சுவிட்சுக்குக் கை நீட்டினாள். ஷெட்டு ஃபேன் நின்றது. மணி பத்து.

"இறக்குத்தா!"

"மோட்டார் ஓடி ஒரு விரக்கட மேல தூக்குனாத்தாண்ணே லாக்கு விடும். கரண்டு இல்ல."

"அப்ப ஏணி போடு!"

"ஒங்க நூத்திப் பத்து கிலோ ஒரு பக்கமாச் சாஞ்சா வண்டி அசையும். அப்படியே நடுவுல உக்காருங்க. ஆடாதீங்க."

பந்தல்காரர் அழகுபாண்டிக்குப் போன் போட்டாள். அவருடைய ஜெனரேட்டர் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு காதுகுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "மொட்டை போட்டு, காது குத்தி, கறிச்சோறு முடியட்டும். வந்துர்றேன்" என்றார்.

மூன்று மணி நேரம். முத்திருளன் முருங்கைக்காய் பறிக்கும் கம்பில் இட்லிப் பையைக் கட்டி ஜன்னல் வழியே நீட்டினான்.

"மச்சான், தண்ணி வேணுமா?"

"தண்ணியப் பத்தி மட்டும் பேசாத மாப்ள!"

ஜெயக்கொடி ஓரமாக நின்று டார்ச் அடித்து, காரின் அடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் வெளிச்சம் நின்றது.

"அண்ணே, ஓனரு ஒருத்தரா இருக்கலாம். வண்டி ரெண்டு."

"என்னத்தா சொல்ற?"

"முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. ஒட்டவச்ச எடத்துல சிசேரியன் தழும்பாட்டம் வெல்டிங் ஓடுது."

"வில்லங்கம் போட்டுப் பாக்கலையா மச்சான்?" என்றான் முத்திருளன்.

ஒன்றேகாலுக்கு ஜெனரேட்டர் வந்தது. மோட்டார் உறுமி, கார் ஒரு விரற்கடை உயர, ரெண்டு லாக்கும் ஒன்றாக விட்டுக்கொடுத்தன. கார் தரையைத் தொட்டதும் வெள்ளைத்துரை யாரையும் பார்க்காமல் பாத்ரூமுக்கு ஓடினார். ஜெயக்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தவரிடம், "பாக்காமத் தூக்கிட்டேண்ணே" என்றாள்.

"நானும் சொல்லாமத்தானத்தா ஏறுனேன். விடு."

அன்றிலிருந்து நாலு கதவையும் திறந்து பார்க்காமல் அவள் எந்த வண்டியையும் தூக்குவதில்லை.

மறுநாள் காரை விற்றவனை வெள்ளைத்துரை அங்கேயே வரச்சொன்னார். வந்தவன் முதலில் வாய் கிழியப் பேசினான். ஜெயக்கொடி சுவிட்சில் கை வைத்து, "ஏத்திப் பாப்பமாண்ணே?" என்றாள். அவன் தூண்களைப் பார்த்தான், வெள்ளைத்துரையைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்து, வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினான். தெருமுனை வேகத்தடையில் அவன் ஆமை மாதிரி ஏறி இறங்கியதை முத்திருளன் மொட்டைமாடியில் நின்று ரசித்தான்.