சாச்சாவின் குவாட் பைக்கும் என் பாரமும்

பத்து வயதிலேயே நான் அந்த வருடத்து நோன்பு முழுவதையும் பிடித்தேன் என்று உம்மா இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடிப்பார். "ஒன்னையும் விடல்ல, மாஷா அல்லாஹ்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் இன்னும் கொஞ்சம் புகழ்வார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது மறுமையைப் பற்றிய கவலை எதுவும் இருக்கவில்லை. கவலையெல்லாம் ஒரு சட்டையைப் பற்றித்தான்.

நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பெருநாள் உடுப்புக்கு அளவு கொடுக்கப் போயிருந்தோம். எங்கள் வீடு அலுவிகாரையில், தையல்காரி மாத்தளை டவுனில். அவர் நாடாவை என் வயிற்றைச் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு இந்தத் துணி காணாது, இன்னொரு கெஜம் வேண்டும் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேனே, அதுதான் கொடுமை. வகுப்பில் என்னைப் 'பீப்பா' என்று கூப்பிடுவார்கள். அது அதுவரை வகுப்போடு நின்றிருந்தது. பெருநாளுக்குள் மெலிந்து காட்டுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவுகட்டிவிட்டேன்.

அதற்கு நோன்பைப்போல வசதியான மாதம் வேறில்லை. மற்ற மாதங்களில் பட்டினி கிடந்தால் ஏச்சு விழும், இந்த மாதத்தில் பாராட்டு விழும். தொல்லை, நோன்பு திறக்கும் நேரம்தான். உம்மா கஞ்சி, ரோல்ஸ், கட்லட் என்று பாயை நிரப்பிவிடுவார். நான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் நழுவிவிடுவேன். அங்கே சாச்சாவின் கராஜ். அதன் சுவரோரம் பூனைகள் வரிசையாகக் காத்திருக்கும். அந்த நோன்பில் எங்கள் தெருப் பூனைகள் கொழுத்ததைப்போல அதற்கு முன்னும் கொழுக்கவில்லை, பின்னும் கொழுக்கவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினாலும் சோற்றைப் பிசைவதுபோலப் பிசைந்து தம்பியின் தட்டுக்குத் தள்ளிவிடுவேன். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடப் படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஈமான் என்றால் என்ன என்று இவளைப் பார்த்துப் படியுங்கள் என்றார்.

சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாது, யாரையாவது சீண்டிக்கொண்டே இருப்பார். சீகிரியாப் பக்கம் ஏதோ ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளின் பிள்ளைகள் ஓட்டி நொறுக்கிப் போட்டிருந்த சின்ன ஸ்போர்ட் குவாட் பைக் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, எஞ்சினைத் திருத்தி வைத்திருந்தார். தடித்த நாலு சில்லு, தாழ்ந்த உடம்பு, ஒரே ஒரு சீட். அதை நாங்கள் தொட்டால் கத்துவார். ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரே என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க மகள். பெருநாளைக்கு வயல்ல இத ஓட்டப் போறது யாருன்னு தெரியுமா? நீங்கதான்."

நான் நம்பவில்லை. பெண்பிள்ளைக்கு சைக்கிளே அதிகம் என்கிற வீடு எங்களுடையது. உம்மாவைச் சமாளிப்பது தன் பொறுப்பு என்றார். ஆனால் அதற்கு முன் ஷொக் அப்சோபரை எனக்கு ஏற்றமாதிரி செட் பண்ண வேண்டுமாம்.

காசுள்ளவர்கள் வேறு ஷொக் வாங்கிப் பூட்டுவார்கள், கொம்பனி போட்டு அனுப்பிய ஷொக்கே ஒழுங்காகச் செட் பண்ணினால் போதும் என்றார். ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமர்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறதாம். அமராமல் விறைத்து நின்றால் ஒவ்வொரு கல்லுக்கும் ஆளைத் தூக்கி எறியும். அளவுக்கு மிஞ்சி அமர்ந்தால் அடிப்பாகம் நிலத்தில் இடிக்கும். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வளையம் இருக்கிறது. இறுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் தாழும். முதலில் வெறும் வண்டிக்கு நிலத்திலிருந்து சீட் வரைக்கும் டேப் பிடித்தார். பிறகு என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, சப்பாத்தைப் போடவைத்து, ஏற்றி உட்காரவைத்து மறுபடி பிடித்தார். முன்னுக்கு இரண்டு ஷொக், பின்னுக்கு ஒன்று. என்னை இறக்குவதும் வளையத்தைத் திருப்புவதும் ஏற்றுவதுமாக, நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் நெருங்கிவிட்டது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"சரி. இது இனி உங்கட வண்டி. உங்கட பாரத்துக்கேத்த மாதிரி செட் பண்ணீக்கி."

என் பாரத்தைப் பற்றி யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் நிபந்தனையைச் சொன்னார். வளையத்தை அடிக்கடி திருப்ப முடியாது, திருப்பினால் திருகு மரை தேய்ந்து ஷொக் குப்பைக்குப் போய்விடும். ஆகவே பெருநாள் வரைக்கும் என் பாரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நோன்பைத் தாராளமாகப் பிடிக்கலாம், திறந்த பிறகு ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஏற்றிவைத்து அளந்தார். "யா அல்லாஹ், சீட்டு மேல வந்தீக்கே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். டேப்பைப் பிடித்ததும் அவர்தான், வாசித்ததும் அவர்தான். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். அன்றைக்கு நோன்பு திறந்ததும் வழக்கம்போலத் தட்டோடு பின்வாசலுக்கு வந்தேன். ஒரு பக்கம் தையல்காரியின் சிரிப்பு. மறு பக்கம் கராஜுக்குள் சிவப்புச் சீட். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு ரோல்ஸைக் கடித்தேன். கடித்த பிறகுதான் எவ்வளவு பசியில் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பூனைகளுக்கு அன்றைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் நோன்பு திறந்தபின் அளவெடுப்பு நடந்தது. "இன்னும் ஒரு கட்லட் குறையுது" என்பார். நான் ஓடிப்போய்க் கட்லட்டோடு வருவேன். "இன்னைக்குப் பதம்" என்றால் சுபஹானல்லாஹ், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஸஹர் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பள்ளிக்கூடப் படியில் பிறகு கண் இருட்டவில்லை. பெருநாள் சட்டை அந்தக் கூடுதல் கெஜத்தோடுதான் தைத்து வந்தது, போட்டால் அளவாக இருந்தது.

பெருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அறுவடை முடிந்த வயலில் ஓட்டினேன். உம்மா வரப்பில் நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினார். சாச்சா பக்கத்திலேயே ஓடிவந்தார். மேட்டில் ஏறும்போது வண்டி எனக்காக அமர்ந்தது, இறங்கும்போது என்னைத் தாங்கி எழும்பியது, ஒரு தடவைகூடத் தூக்கிப் போடவில்லை. பிறகு தம்பி அடம்பிடித்து ஏறினான். அவனை அது பந்தாடிவிட்டது. வகுப்பில் என்னைப் பீப்பா என்றவர்களில் ஒருத்தி, என் மாமி மகள், அவளும் ஏறினாள். அவளும் குதித்துக் குதித்து, போதும் போதும் என்று இறங்கினாள். "உங்களுக்கெல்லாம் அது சரிவராது, அது அவட வண்டி" என்று சாச்சா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

போன விடுமுறையில் என் பிள்ளைகளைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போனேன். குவாட் பைக் வாடகைக்கு விடும் இடத்தில் ஒரு பையன், ஆள் மாற மாற அந்த வளையத்தை ஸ்பானரால் திருப்பிக்கொண்டே இருந்தான். தடித்த ஆள் ஏறினால் இறுக்கினான், மெலிந்த ஆள் ஏறினால் தளர்த்தினான். மரை தேயாதா என்று சிங்களத்தில் கேட்டேன். திருப்பத்தானே அக்கா இதை வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தான்.

அங்கிருந்தே சாச்சாவுக்கு ஃபோன் எடுத்தேன். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அது பழைய மொடல், மகள். பழைய மொடல்ல மரை தேயும்" என்றார்.

அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். என் தட்டு பூனைகளுக்குப் போவதைக் கராஜிலிருந்து பார்த்தும் என்னை அவர் ஏசவில்லை, உம்மாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை, சாப்பிடு என்று ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. நானோ, ஒரு வண்டி வீணாகிப் போகாமல் காப்பாற்றத்தான் அப்படிச் சாப்பிடுகிறேன் என்று அந்த மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.