மூச்சை விட்டுவிட்டு இறங்கினேன்

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கத்துக் கடலில், மிதக்கும் மீன் பண்ணை ஒன்றில் வேலை செய்கிறேன். அன்று காலை இரண்டு வலைகளின் அடிக்கயிறு சிக்கிக்கொண்டது. மூன்று ஆள் ஆழம் இருக்கும். முதல் வலைக்கு நான் இரண்டு முறை முக்குளித்தேன். இரண்டு முறையும் பாதியிலேயே மேலே வந்துவிட்டேன்.

கூட வேலை செய்பவன் பலகையில் நின்று சிரித்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன்.

"அண்ணே, தொப்பை மிதவை மாதிரி தூக்குதுலா. மூச்ச முழுசா விட்டுட்டு இறங்குங்க. கல்லு மாதிரி போயிடுவீங்க."

அப்படியே செய்தேன். அப்படியே போனேன். கயிறு கைக்குக் கிடைத்தபோது யாரோ நெஞ்சில் ஏறி மிதிப்பது போலிருந்தது. அவிழ்த்துவிட்டு மேலே வந்து இருமித் துப்பினேன். ரத்தம் கலந்த நுரை.

"என்னண்ணே அது?"

"பல் ஈறுப்பா."

"சரி, வீட்டுக்குப் போங்க. இன்னொரு வலைய மத்தியானம் நான் இறங்கிப் பாத்துக்கிறேன்."

ரயிலில் இருமினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கூச்சத்தில் ஒவ்வொரு இருமலையும் விழுங்கினேன். பூகிஸில் ரயில் மாற நடந்தபோது இரண்டு முறை சுவரில் சாய்ந்து நின்றேன். லிட்டில் இந்தியாவில் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, "ஏங்க, உங்க நெஞ்சுல தண்ணி கொதிக்கிற மாதிரி கேக்குது" என்றாள். உடனே டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான்.

"எத்தன நாளா இருமல்?"

"மழையில நனைஞ்சிருப்பாரு டாக்டர்" என்றாள் மனைவி.

தலையாட்டினால் போதும். படித்த பிள்ளையிடம் என் முட்டாள்தனத்தை எப்படிச் சொல்வது? ஆனால் கட்டிலில் படுக்க வைத்ததும் மூச்சு உள்ளே வர மறுத்தது. செத்துவிடுவேன் என்று தோன்றியது.

"கடல்ல முக்குளிச்சேம்மா. மூச்ச விட்டுட்டு இறங்குனேன்."

ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்த டாக்டரின் கை நின்றது. "விட்டுட்டா? ஆழத்துல தண்ணி நுரையீரல அமுக்கும். உள்ள காத்து இல்லன்னா ரத்தக் குழாய்தான் உடையும். இன்னும் கொஞ்சம் கீழ போயிருந்தா வந்திருக்க மாட்டீங்க."

ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். எக்ஸ்ரேக்குச் சொன்னார்.

அப்போதுதான் இரண்டாவது வலை நினைவுக்கு வந்தது. மாஸ்க்கை விலக்கிக்கொண்டு மனைவியிடமிருந்த என் கைப்பேசியைப் பிடுங்கி, கூட வேலை செய்பவனை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"என்னண்ணே? சட்டையக் கழட்டிட்டேன், தண்ணில இறங்கப் போறேன்."

"இறங்காத தம்பி" என்றேன். இருமல் வந்துவிட்டது. "அது ஈறு இல்ல."