இடது கையில் பங்குச் சந்தை

நிறுவன ரகசியத்தைச் சொல்லிப் பங்கு வாங்க வைப்பது குற்றம் என்று அந்த வாரம்தான் சட்டக் கல்லூரியில் படித்திருந்தேன். ஞாயிறன்று காஹாங் ஊரில் அக்காவின் நிச்சயதார்த்தப் பந்தி. பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் இயக்குநரான மாமா, இலைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கம்பெனிய ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போவுது. இன்னும் வெளிய சொல்லல. நாளைக்கே பங்கு வாங்கிடுங்க லா."

வலது கை சோற்றில் இருக்க, வரிசையே இடது கையால் கைப்பேசியைத் திறந்தது. சற்றுமுன் தேவாரம் பாடிய சித்தப்பாவும்தான்.

"மாமா, இதுக்கு ஜெயில் இருக்கு," என்றேன்.

"அலமாக்! பின்ன எதுக்கு உன்ன வக்கீலுக்குப் படிக்க வைக்கிறேன்?"

பந்தியே சிரித்தது. திருட்டுக் கூட்டம் என்று மனத்துக்குள் திட்டினேன், மனத்துக்குள் மட்டும்தான். அடுத்த பருவக் கட்டணத்தையும் மாமாதான் கட்டினார்.